தோற்றவர் வீடு காலி செய்கிறார்!

வீடு மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று குடித்தனம் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்ட வேண்டும். ஊறுகாய் ஜாடி உடையாமல் இருக்கப் பழந்துணி சுற்ற வேண்டும். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் தீர்க்க வேண்டும். நாள் நட்சத்திரம் பார்த்து, ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்தாலும் கடைசி நிமிஷத்தில் ஏதாவது ஒன்று அகப்படாமல் போகும். இவ்வளவையும் ஒரே நாள் காலையில், முதல்நாள் ராத்திரி முழுவதும் தூங்காத கண்களுடன், உலகமே வாசலில் நின்று படம் பிடித்துக் கொண்டிருக்கும்போது செய்யவேண்டும் என்றால் எப்படியிருக்கும்?

தேர்தலில் தோற்றுப்போன பிரிட்டிஷ் பிரதம மந்திரிக்கு அந்தக் கதிதான்! அமெரிக்க ஜனாதிபதிக்கோ இரண்டரை மாத அவகாசம் உண்டு. ஆனால் அந்த அவகாசமே சில சமயம் பெரிய ஆபத்தாகிவிடுகிறது.

இந்த இரண்டு தேசங்களிலும் தேர்தல் வந்தால், "யார் ஜெயித்தார்?" என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். தொழிற்கட்சியா, கன்ஸர்வேடிவ் கட்சியா, ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா என்று காப்பி ஆறிப்போகும் வரையில் விவாதம் செய்கிறோம். தோற்றவர் என்ன செய்தார் என்று கேட்கிறவர்கள் குறைவு. ஜெயித்தவர் மாலையை வாங்கிப் போட்டுக் கொள்வதற்குப் பெரிய குணம் ஒன்றும் வேண்டியதில்லை. தோற்றவர் மரியாதையாக வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறாரா என்பதில்தான் ஜனநாயகத்தின் உயிர் இருக்கிறது. ஆகவே, இந்த வாரம் தோற்றவர்களின் பின்னாலேயே கொஞ்சதூரம் போய்ப் பார்ப்போம்.

சாவியில்லாத வீடு

லண்டனில் டௌனிங் தெரு என்பது ஒரு சின்னத் தெரு. அதில் 10-ம் நம்பர் வீட்டின் கறுப்புக் கதவைப் பத்திரிகைப் படங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குமாஸ்தா குடியிருக்கும் வீடுபோல் இருக்கும். உள்ளே போனால் சுமார் 100 அறைகள்! 1735-ம் வருஷம் ஸர் ராபர்ட் வால்போல் குடிவந்த நாளிலிருந்து அது உத்தியோக வீடு. கதவிலுள்ள பித்தளைத் தபால் வாயில் "பிரதம மந்திரி" என்ற பெயர்கூட இல்லை. "கஜானாவின் முதல் பிரபு" என்ற பழைய காலத்துப் பட்டம்தான் பொறித்திருக்கிறது. அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருக்கும் காவலர்தான் திறந்துவிட வேண்டும். வீட்டு எஜமானர் கையில் சாவியே கிடையாது என்றால், அந்தக் குடித்தனம் எவ்வளவு நிலையில்லாதது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கும் பிராணி ஒன்றே ஒன்றுதான். லாரி என்ற பூனை. எலி பிடிப்பதற்காக 2011-ல் கொண்டுவந்து விட்டார்கள். அது எந்தப் பிரதம மந்திரியின் சொத்தும் இல்லை. சர்க்கார் சிப்பந்தி மாதிரி. காமரான், தெரஸா மே, ஜான்ஸன், ட்ரஸ், ஸூனக், ஸ்டார்மர் என்று 2024-க்குள் ஆறு பேருடைய குடித்தனத்தை அது பார்த்துவிட்டது. ஐந்து பேருடைய சாமான்கள் போவதையும் பார்த்துவிட்டது!

2024-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி வியாழக்கிழமை பொதுத் தேர்தல். இரவு 10 மணிக்கு ஓட்டுப் பதிவு முடிந்தது. விடிவதற்குள் கன்ஸர்வேடிவ் கட்சி படுதோல்வி என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலை, தூறல் மழையில், ரிஷி ஸூனக் அந்தக் கறுப்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி அக்ஷதா மூர்த்தி, கையில் குடையுடன். ஸூனக் முதலில் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். பிறகு, தம்மைத் தோற்கடித்த கேர் ஸ்டார்மர் நல்ல மனிதர் என்றும், அவருடைய வெற்றி எல்லோருடைய வெற்றியாகவும் இருக்கும் என்றும் சொன்னார். தம் பெண் குழந்தைகள் அதே வாசற்படியில் தீபாவளி விளக்கு ஏற்றியதையும் நினைவுகூர்ந்தார். பிறகு மோட்டாரில் ஏறி அரண்மனைக்குப் போய் மன்னரிடம் ராஜிநாமாவைக் கொடுத்தார். சிறிது நேரத்துக்கெல்லாம் ஸ்டார்மர் அதே அரண்மனைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் 10-ம் நம்பர் வீட்டுக்குப் புது எஜமானர் வந்துவிட்டார். மன்னருக்கு ஒரு நாள்கூடப் பிரதம மந்திரி இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அந்த தேசத்துச் சம்பிரதாயம்.

பியானோ போன வழி

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடிந்துவிடுகிறதா? 1974-ம் வருஷத்துக் கதையைக் கேளுங்கள். அப்போது பிரதம மந்திரி எட்வர்ட் ஹீத். கல்யாணம் ஆகாதவர், சங்கீதத்தில் அபார மோகம். தமது பெரிய பியானோவை டௌனிங் தெருவிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார். பிப்ரவரி 28-ந் தேதி தேர்தல். ஹீத்தின் கன்ஸர்வேடிவ் கட்சிக்கு 297 ஸ்தானம். ஹெரால்ட் வில்ஸனின் தொழிற்கட்சிக்கு 301. இருவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஹீத் உடனே போகவில்லை. லிபரல் கட்சியுடன் சேர்ந்து மந்திரிசபை அமைக்க முடியுமா என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பேசிப் பார்த்தார். படியவில்லை. மார்ச் 4-ந் தேதி திங்கட்கிழமை ராஜிநாமா செய்தார்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். அவருக்குப் போய் இருக்கச் சொந்த வீடு இல்லை! தம் கட்சியைச் சேர்ந்த பார்லிமெண்ட் அங்கத்தினர் ஒருவருடைய ஜாகையில் சில மாதங்கள் இரவல் குடியிருந்தார். பியானோவும் அந்த வீட்டை விட்டு வெளியேறியது. நேற்றுவரை தேசத்தை ஆண்டவர் இன்று சிநேகிதர் வீட்டில் விருந்தாளி. இதற்காக யாரும் கலகம் செய்யவில்லை. பட்டாளத்தைக் கூப்பிடவும் இல்லை.

"முற்றும்" என்று எழுதிய சர்ச்சில்

தோல்வியிலேயே பெரிய தோல்வி வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு 1945-ல் ஏற்பட்டது. ஹிட்லரை எதிர்த்து யுத்தத்தை நடத்தி வெற்றி வாங்கிக் கொடுத்தவர். ஜூலை 5-ந் தேதி ஓட்டுப் போட்டார்கள். வெளிநாடுகளில் இருந்த சிப்பாய்களின் ஓட்டுக்களும் வந்து சேர வேண்டியிருந்ததால் ஜூலை 26-ந் தேதிதான் எண்ணிச் சொன்னார்கள். இதற்கு நடுவில் ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரில் ஸ்டாலினுடனும் ட்ரூமனுடனும் மகாநாடு. அதற்குப் போகும்போது சர்ச்சில், எதிர்க்கட்சித் தலைவரான கிளமெண்ட் அட்லியையும் கூடவே அழைத்துப் போயிருந்தார். முடிவு எப்படியானாலும் தேசத்தின் காரியம் தடைப்படக் கூடாதல்லவா?

முடிவு தெரிந்தது. தொழிற்கட்சிக்கு 393 ஸ்தானம்! சர்ச்சிலின் மனைவி கிளமெண்டைன், இதுவும் ஒருவேளை மறைமுகமாக வந்த நன்மையாக இருக்கலாம் என்று சமாதானம் சொன்னாராம். அப்படியானால் அது மிக நன்றாகவே மறைந்திருக்கிறது என்று சர்ச்சில் பதில் சொன்னாராம். அன்று மாலை 7 மணிக்கு அவர் அரண்மனையில் ராஜிநாமா கொடுத்தார். அரை மணிக்கெல்லாம் அட்லி வந்து சேர்ந்தார். எப்படி வந்தார்? அவருடைய மனைவி ஸ்ரீமதி வயலட் அட்லி தம் வீட்டுச் சின்ன மோட்டாரைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து புருஷனை அரண்மனை வாசலில் கொண்டு வந்து விட்டார்! இரண்டே நாளில் போட்ஸ்டாம் மகாநாட்டில் சர்ச்சிலின் நாற்காலியில் அட்லி உட்கார்ந்தார். அந்த அட்லியின் சர்க்கார்தான் 1947-ல் நமக்குச் சுதந்திரத்தைக் கொடுத்தது என்பது வாசகர்கள் அறிந்ததே.

பிரதம மந்திரிகள் ஓய்வுக்குப் போகும் கிராமாந்தர மாளிகை ஒன்று உண்டு. செக்கர்ஸ் என்று பெயர். கடைசித் தடவையாக அங்கே சனி, ஞாயிறைக் கழித்த சர்ச்சில், விருந்தாளிகள் புஸ்தகத்தில் கையெழுத்துப் போட்டு, அடியில் "முற்றும்" என்ற பொருள் தரும் லத்தீன் வார்த்தையை எழுதினார். தொடர்கதை படிக்கும் நம் வாசகிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆசிரியர் "முற்றும்" போட்டாலும் சில கதைகளுக்கு இரண்டாம் பாகம் வந்துவிடும். 1951-ல் சர்ச்சில் மறுபடியும் பிரதம மந்திரியானார்! தோற்றுப் போனவர் உயிரோடும் மரியாதையோடும் வீட்டுக்குப் போகலாம், பிறகு ஒருநாள் திரும்பியும் வரலாம். இந்த நம்பிக்கை இருப்பதால்தான் அங்கே மூட்டை கட்டுவது சாத்தியமாகிறது. 1937-ம் வருஷத்திலிருந்து எதிர்க்கட்சித் தலைவருக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்தே சம்பளம் கொடுக்கிறார்கள். தங்களைத் தினமும் திட்டுவதற்கு ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக் கொள்கிறார்கள் என்று சொன்னால் தவறில்லை.

குப்பைத்தொட்டித் தலையர்

தோற்பதற்கு அங்கே ஒரு மேடைப் பயிற்சியும் உண்டு. ஓட்டு எண்ணி முடிந்ததும் தொகுதியின் எல்லா அபேட்சகர்களும் மேடையில் வரிசையாக நிற்க வேண்டும். பிரதம மந்திரியானாலும் விலக்கில்லை. 500 பவுன் டிபாஸிட் கட்டினால் யாரும் போட்டியிடலாம். ஆகவே, தலையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, தன்னை வேற்றுக் கிரகத்துப் பிரபு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு விகடக்காரர் 2019-ல் ஜான்ஸனை எதிர்த்து நின்றார். 2024-ல் ஸூனக்கை எதிர்த்தும் நின்றார். அரசாங்கம் நடத்துகிறவர் அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று தமது கதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்! கர்வம் குறைவதற்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?

அதே 2024-ல், முன்னாள் பிரதம மந்திரி லிஸ் ட்ரஸ் தமது சொந்தத் தொகுதியிலேயே 630 ஓட்டில் தோற்றார். 2019-ல் அதே தொகுதியில் 26,000-க்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அவர்!

ஜனங்கள் தோற்கடிப்பது ஒரு பக்கம். சொந்தக் கட்சியே, "புறப்படுங்கள்" என்று சொல்லிவிடுவதும் உண்டு. பிரதம மந்திரியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. பார்லிமெண்டில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருக்கும்வரையில்தான் அந்தப் பதவி. பதினோரு வருஷத்துக்கு மேல் ஆண்ட மார்க்கரெட் தாட்சருக்கு 1990 நவம்பரில் அவர் கட்சி அங்கத்தினர்களே ஓட்டெடுப்பு வைத்தார்கள். தாட்சருக்கு 204, எதிர்த்த ஹெஸல்டைனுக்கு 152. ஜெயித்தது தாட்சர்தானே என்பீர்கள். இல்லை! விதிப்படி இன்னும் 4 ஓட்டு வித்தியாசம் தேவைப்பட்டது. அந்த நாலு ஓட்டுக் குறைவு அவருடைய செல்வாக்கைச் சாய்த்துவிட்டது. "இரும்புப் பெண்மணி" என்று பெயர் வாங்கியவர் டௌனிங் தெருவை விட்டுக் கிளம்பும்போது மோட்டாருக்குள் கண் கலங்கியிருந்த படம் உலகமெங்கும் வெளியாயிற்று.

2022-ல் ட்ரஸ் அம்மையாரின் ஆட்சி 49 நாள்தான். அவர் நீடிப்பாரா, ஒரு லெட்டூஸ் கீரை வாடாமல் நீடிக்குமா என்று லண்டன் பத்திரிகை ஒன்று கீரைக்குப் பொய்மயிர் வைத்துப் பந்தயம் நடத்தியது. கீரை ஜெயித்தது!

பத்து ஓட்டு ஜெயித்தது, பதினேழு தோற்றது

தோல்வியை ஒப்புக்கொள்வது ஏன் கஷ்டம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார் என்று இந்த இரண்டு தேசங்களிலும் நிச்சயம் இல்லை. கணக்கைக் கேட்டுத் தலை சுற்ற வேண்டாம்; மாதர் சங்கத்துத் தேர்தலாக வைத்துக் கொள்வோம்.

மூன்று தெருக்கள், தெருவுக்கு ஒன்பது ஓட்டு. எந்தத் தெருவில் யாருக்கு அதிகமோ அந்தத் தெரு அவருக்கு. இரண்டு தெரு கிடைத்தவர் தலைவி. பங்கஜத்துக்கு முதல் தெருவில் 5, விசாலத்துக்கு 4. இரண்டாம் தெருவிலும் அப்படியே. மூன்றாம் தெரு விசாலத்தின் பிறந்தகம், ஒன்பதும் அவருக்கே. கூட்டிப் பாருங்கள். பங்கஜத்துக்கு 10 ஓட்டு, விசாலத்துக்கு 17. ஆனாலும் தலைவி பங்கஜம்தான்!

பிரிட்டனில் தெரு என்பது தொகுதி. 1951-ல் அட்லியின் கட்சி சர்ச்சிலின் கட்சியைவிடச் சுமார் இரண்டு லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியது, ஸ்தானங்கள் குறைவு, அட்லி வீட்டுக்குப் போனார். 1974 பிப்ரவரியில் இதே அநியாயம் ஹீத்துக்கு நேர்ந்தது. முன்பு ஆதாயம் அடைந்த கட்சியே அப்போது நஷ்டம் அடைந்தது. 2024-ல் தொழிற்கட்சி வாங்கியது நூற்றுக்கு 34-க்கும் குறைவான ஓட்டு. கிடைத்ததோ 650-ல் 411 ஸ்தானம். சீர்திருத்தக் கட்சி நூற்றுக்கு 14 வாங்கி 5 ஸ்தானம் பெற, லிபரல் டெமாக்ரட் கட்சி நூற்றுக்கு 12 வாங்கி 72 ஸ்தானம் பெற்றது.

அமெரிக்காவில் தெரு என்பது ராஜ்யம். ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு, மொத்தம் 538, 270 கிடைத்தவர் ஜனாதிபதி. இரண்டு ராஜ்யங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும், ஒரே ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த ராஜ்யத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே. 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்கு டொனால்ட் ட்ரம்பைவிடச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் கிடைத்தது. ஆனாலும் ஜனாதிபதி ஆனவர் ட்ரம்ப்.

இந்த முறை நல்லதா கெட்டதா என்று இரு தேசங்களிலும் ஓயாமல் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நடக்கட்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே விதி இன்னதென்று இருவரும் அறிவார்கள். ஆட்டம் முடிந்தபின் காயைக் கலைக்கக் கூடாது என்பதே முக்கியம்.

துணி உலர்த்திய மண்டபம்

இனி வாஷிங்டனுக்குப் போவோம். வெள்ளை மாளிகையில் முதன்முதலாகக் குடியேறிய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ். 1800-ம் வருஷம் நவம்பரில் குடிவந்தபோது கட்டடமே முடியவில்லை. அவர் மனைவி அபிகேல், கிழக்குப் பக்கத்துப் பெரிய மண்டபத்தில் கயிறு கட்டித் துவைத்த துணிகளை உலர்த்தினார்! பிற்பாடு உலகத் தலைவர்களுக்கு விருந்து நடந்த மண்டபம் அது. பாவம், நாலே மாதத்தில் காலி செய்ய வேண்டி வந்தது. தேர்தலில் தாமஸ் ஜெபர்ஸனிடம் ஆடம்ஸ் தோற்றார். 1801 மார்ச் 4-ந் தேதி விடியற்காலை 4 மணிக்கு, புதியவரின் பதவியேற்பைப் பார்க்காமலேயே கோச்சு வண்டி ஏறி ஊருக்குப் போய்விட்டார். மனத்தாங்கல் இருந்தது, ஆனாலும் போய்விட்டார். ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு அந்த தேசத்தின் அதிகாரம் கைமாறியது அதுதான் முதல் தடவை. 1812-ல் இருவரும் மறுபடி கடிதம் எழுதிக்கொள்ள ஆரம்பித்து அத்யந்த சிநேகிதர்கள் ஆனார்கள். 1826-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் வருஷ தினத்தில், இருவரும் ஒரே நாளில் காலமானார்கள்.

தேர்தல் நவம்பரில் நடந்தாலும் பதவியேற்பு முன்பெல்லாம் மார்ச் 4-ந் தேதிதான். குதிரையில் செய்தி போகும் காலத்து ஏற்பாடு அது. 1933-ல் பாங்குகள் எல்லாம் முறிந்து ஜனங்கள் தவித்தபோது, ஜெயித்த ரூஸ்வெல்ட் நாலு மாதம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க நேர்ந்தது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தினார்கள். 1937 முதல் ஜனவரி 20-ந் தேதி பதவியேற்பு நடக்கிறது.

அந்த நாளில் வெள்ளை மாளிகைச் சிப்பந்திகள் செய்யும் வேலையைக் கேட்டால் நாம் மூக்கின்மேல் விரலை வைப்போம். பழைய குடும்பம் காலையில் விழாவுக்குக் கிளம்புகிறது. மத்தியானம் புதுக் குடும்பம் உள்ளே நுழைகிறது. நடுவில் உள்ள சுமார் ஐந்து மணி நேரத்தில், 132 அறை கொண்ட வீட்டிலிருந்து ஒருவர் சாமான்கள் வெளியே போய், இன்னொருவர் சாமான்கள் உள்ளே வந்து, சட்டை துணி அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும்! ஆனால் சாப்பாடு இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஜனாதிபதி குடும்பம் சாப்பிடும் சொந்தச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் பில் வந்துவிடும்.

தந்தி, டெலிபோன், கடிதம்

தோற்றவர் ஜெயித்தவரை வாழ்த்த வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1896-ல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தம்மை ஜெயித்த மக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அடித்தார். அதிலிருந்து அது வழக்கமாயிற்று. பிறகு தந்தி போய் டெலிபோன் வந்தது.

டெலிபோனால் வந்த சங்கடம் 2000-ம் வருஷம் அல் கோருக்கு நேர்ந்தது. தேர்தல் ராத்திரி தோற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டு ஜார்ஜ் புஷ்ஷைக் கூப்பிட்டு வாழ்த்தினார். கொஞ்ச நேரத்தில் ப்ளோரிடா ராஜ்யத்தில் வித்தியாசம் மயிரிழைதான் என்று தெரிந்தது. மறுபடி கூப்பிட்டு, வாழ்த்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்! 36 நாள் இழுபறி. தேசம் முழுவதும் கோருக்கு ஐந்து லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம். ப்ளோரிடாவில் ஏறக்குறைய 60 லட்சம் ஓட்டில் 537 குறைவு என்று கணக்கு. சுப்ரீம் கோர்ட் டிசம்பர் 12-ந் தேதி மறு எண்ணிக்கையை நிறுத்தியது. மறுநாள் கோர், தீர்ப்பு தமக்குச் சம்மதமில்லை என்றாலும் அதற்குக் கட்டுப்படுவதாகச் சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கடித வழக்கம் இன்னும் அழகானது. போகிறவர் வருகிறவருக்கு மேஜையில் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போவார். 1989-ல் ரீகன் ஆரம்பித்தார். 1993-ல் பெரிய புஷ், தம்மைத் தோற்கடித்த பில் கிளிண்டனுக்கு எழுதிய கடிதத்தில், இனி உங்கள் வெற்றிதான் தேசத்தின் வெற்றி, உங்களுக்காக நான் வேண்டிக்கொள்கிறேன் என்ற கருத்தை எழுதியிருந்தார். 2004 டிசம்பரில் சுனாமி வந்து நம் கடற்கரையையும் இலங்கையையும் சூறையாடியது நினைவிருக்குமே! அதற்கு நிதி திரட்ட முன்வந்தவர்கள் அந்த இருவரும்தான். 2005 பிப்ரவரியில் சேர்ந்தே இலங்கைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 6

அமெரிக்காவில் இன்னொரு கடுமையான சோதனையும் இருக்கிறது. ராஜ்யங்களிலிருந்து வந்த தேர்வாளர் ஓட்டுக்களை ஜனவரி 6-ந் தேதி காங்கிரஸ் சபையில் எண்ணுவார்கள். தலைமை வகிப்பவர் உப ஜனாதிபதி. அவரே போட்டியிட்டுத் தோற்றவராக இருந்தால், தம் தோல்வியைத் தாமே வாசிக்க வேண்டும்! 1961-ல் நிக்ஸன், கென்னடி ஜெயித்ததாக அறிவித்தார். 2001-ல் கோர், புஷ் ஜெயித்ததாக அறிவித்தார். தமக்குச் சாதகமாக எழுந்து பேசிய அங்கத்தினர்களையே, விதிப்படி செனட்டர் ஒருவரின் கையெழுத்து இல்லை என்று சொல்லி உட்கார வைத்தார்.

2021-ல்தான் அந்தச் சரடு அறுந்துபோகப் பார்த்தது. முந்திய நவம்பர் தேர்தலில் ஜோ பைடனுக்கு 306 தேர்வாளர்கள், ட்ரம்புக்கு 232. மொத்த ஓட்டிலும் பைடனுக்கு 70 லட்சத்துக்கு மேல் அதிகம். ட்ரம்ப் ஒப்புக்கொள்ளவில்லை. மோசடி நடந்தது என்றார். அவர் தரப்பில் அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். அநேகமாக எல்லாம் தள்ளுபடியாயின. ஜனவரி 6-ந் தேதி எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய ஆதரவாளர்கள் கும்பலாக வந்து, கதவு ஜன்னல்களை உடைத்துச் சபைக்குள் புகுந்தார்கள். நூறு போலீஸ்காரர்களுக்கு மேல் காயம்பட்டார்கள். அங்கத்தினர்கள் உயிருக்குப் பயந்து ஒளிந்தார்கள். அந்தக் குழப்பத்தில் செனட் சபைச் சிப்பந்திகள் ஒரு காரியம் செய்தார்கள். ஓட்டுப் பத்திரங்கள் இருந்த மரப்பெட்டிகளை விட்டுவிடாமல் கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்! இரவு சபை மறுபடி கூடியது. தம் ஜனாதிபதியின் வற்புறுத்தலுக்கு இணங்காத உப ஜனாதிபதி மைக் பென்ஸ் தலைமையில், விடிவதற்குள் எண்ணிக்கை முடிந்தது. ட்ரம்ப், பைடனின் பதவியேற்பைப் பார்க்காமல் ப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். ஆனாலும் மேஜையில் கடிதம் மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் தோற்றவருக்கு வம்பு செய்ய நேரமே இல்லை. அடுத்த நாளே வாசலில் சாமான் வண்டி. அமெரிக்காவில் இரண்டரை மாதம் கிடைக்கிறது. அந்த இடைவெளியைக் காப்பது பெரும்பாலும் நல்ல வழக்கம்தான். வழக்கம் என்பது கோலத்தைப் போல. தினமும் யாராவது போட்டுக்கொண்டிருந்தால்தான் வாசலில் இருக்கும். 2022-ல் ஒரு புதுச் சட்டம் செய்து, எண்ணும்போது முடிவை மாற்ற உப ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று தெளிவாக்கினார்கள்.

2024 நவம்பரில் ட்ரம்ப் மறுபடி ஜெயித்தார், 312-க்கு 226. தோற்றவர் உப ஜனாதிபதி கமலா ஹாரிஸ். இவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். அந்தக் கிராமத்துக் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்தவர்களுக்கு அன்று ஏமாற்றம்தான். தேர்தலுக்கு மறுநாளே கமலா, ட்ரம்பை டெலிபோனில் கூப்பிட்டு வாழ்த்தினார். 2025 ஜனவரி 6-ந் தேதி வாஷிங்டனில் கடும் பனி. சபையில் தலைமை வகித்து, எதிரிக்கு 312, தமக்கு 226 என்று தெளிவான குரலில் தாமே வாசித்தார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு கண்ணாடி உடையவில்லை.

ஜனவரி 20-ந் தேதி காலை, நாலு வருஷத்துக்கு முன் தமது விழாவுக்கு வராத ட்ரம்பைப் பைடன் தம்பதிகள் வாசலில் நின்று வரவேற்றுத் தேநீர் கொடுத்தார்கள். அன்று மாலையே ட்ரம்ப், 2021 கலவரத்தில் சம்பந்தப்பட்ட சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். ஆகவே அந்த வழக்கு ஜனங்களின் மனத்தில் இன்னும் முடியவில்லை.

அடுத்த தடவை அந்த தேசங்களில் தேர்தல் நடக்கும்போது நம் வீடுகளில் விவாதம் சூடுபிடிக்கும். ஜெயித்தவருடைய ஊர்வலத்தைப் பார்த்து முடித்தபிறகு, வீட்டின் பின்வாசல் பக்கம் ஒருதரம் பாருங்கள். சாமான் வண்டி வந்து நிற்கிறதா? தோற்றவர் அமைதியாக ஏறிக்கொள்கிறாரா? ஆம் என்றால், அந்த தேசத்து ஜனங்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.